கண்ணாடி மனுசனும் என் மீசையும்

மாப்ள,

உன் வீட்டு மாடியில் நின்ற ஆன்டெனாவைப் போன சனிக்கிழமை கழற்றிவிட்டார்கள். அதிலிருந்து ஒரே ஒரு அலுமினியக் குச்சியை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவேன் என்றான். "இது இலங்கை வரைக்கும் போய் வந்த குச்சி, உன் டிக்கெட் திருமங்கலத்தோட முடிஞ்சுரும்" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

இப்போது அது என் கடை மேசைமேல் கிடக்கிறது. உட்காருகிறேன், அதைப் பார்க்கிறேன், எழுந்து வாசல் வரை போகிறேன், திரும்பி வந்து மறுபடியும் அதையே பார்க்கிறேன். பம்ப்செட்டுக்கு வாஷர் வாங்க வந்த ஆள், "என்னண்ணே, வேட்டிக்குள்ள எறும்பு கிறும்பு புகுந்துருச்சா? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறீக" என்று கேட்டே விட்டான். எறும்பாக இருந்தால் உதறிவிடலாம்.

குச்சியை முகர்ந்து பார்த்தேன். புறா எச்சமும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் சரக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆகவே எழுத்துப்பிழை இருந்தால் நீதான் திருத்திக்கொள்ள வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நீ.

விஷயம் இதுதான். நம் வழக்குக்குத் தீர்ப்பு வந்துவிட்டது மாப்ள. உலகத்திலேயே மட்டமான விண்வெளித் தொடர் எது என்ற வழக்கு. தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும் என்று தல்லாகுளத்தில் நான் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன வழக்கு. யார் ஜெயித்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலிலிருந்து வராமல் முடிவுக்குப் போனால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும்.

அந்த ஆன்டெனாக் கம்பம் என் கடை பைப். மூன்று பைப்பை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, திருமங்கலத்திலிருந்து பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நட்டு முடித்தபோது அது தெற்குக் கோபுரத்துக்கு ஒரு முழம்தான் குறைச்சல். உச்சிக்கு ஏறினால் கொடைக்கானல் குளிர் அடிக்கும். அப்போது மதுரைக்கு டிவி நிலையம் கிடையாது. உங்கள் தெருவில் டிவிப் பெட்டி வைத்திருந்தவன் நீ ஒருவன்தான், அதில் படம் வராது என்று தெரிந்தே வாங்கியவனும் நீ ஒருவன்தான். கடல் தாண்டி இலங்கையிலிருந்து வரும் படத்தைப் பிடிப்பதற்குத்தான் அத்தனை உயரம்.

நான் மாடியில் கம்பத்தைத் திருப்ப, நீ உள்ளே பெட்டி முன்னால். உன் வீட்டம்மா, கூடப் பிறக்காவிட்டாலும் எனக்குத் தங்கச்சி, படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு கீழே நடப்பதை மேலே சொல்வாள்.

"தங்கச்சி, வந்துருச்சா?"

"கோடு கோடா வருதுண்ணே!"

"இப்ப?"

"இப்பக் கோடு போயிருச்சு. படமும் போயிருச்சு!"

உள்ளேயிருந்து உன் குரல் வரும். "மச்சான், அங்கிட்டுத் திருப்பு! அய்யோ, போச்சு, இங்கிட்டு, இங்கிட்டு! ஆங், நில்லு! கைய எடுக்காத! எடுத்தா ஓடிருது!"

கம்பத்தை நான் பிடித்திருந்தால் படம் தெளிவு, விட்டால் திரை முழுக்கச் சுண்ணாம்பு. என் ரத்தத்தில் இரும்புச்சத்து அப்படி. இதனால் அந்தத் தொடரின் முதல் வாரத்தை நீங்கள் எல்லாம் பார்த்தீர்கள், நான் மாடியில் நின்று காட்டினேன். பிறகு ஒரு கிழிந்த ஈரத்துண்டைக் கம்பத்தில் சுற்றிவிட்டு நானும் கீழே வந்துவிட்டேன். என் இடத்தை ஒரு துண்டு நிரப்பிவிட்டது என்று நீ தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

சனிக்கிழமை சாயங்காலம் வரும் இங்கிலீஷ் தொடர் அது. ஒரு தாடிக்காரக் கேப்டன், ஒரு விண்வெளிக் கப்பல், வாரம் ஒரு கிரகம். கேவலமென்றால் அப்படிக் கேவலம். பூதம் ஒன்று வரும், முதுகில் ஜிப் தெரியும். பாறையில் ஆள் மோதினால் பாறை மடங்கும். ஆனால் முதல்முறை கீழே வந்து உட்கார்ந்தபோதே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"மாப்ள, கப்பலுக்கு நடுவுல ஒருத்தன் உக்காந்துருக்கான் பாரு."

"ஆமா மச்சான். ஊடால செவுரு தெரியுது."

"கேப்டன் அவன் மேலயே நடந்து போறான். கண்டுக்கவே இல்ல பாரு."

அவன்தான் கண்ணாடி மனுசன். மூக்குக் கண்ணாடி, அகலமான காலர், முன்னால் ஒரு மேசை. கண்ணாடியால் செய்ததுபோல உடம்பு. உதடு அசையும், சத்தம் வராது. கப்பல் தீப்பிடித்தாலும் சரி, பூதம் புகுந்தாலும் சரி, அவன் அசையாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பான். எல்லோரும் அவனுக்குள் புகுந்து போவார்கள். தொடர் முடியும் நேரத்தில் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு மறைவான். கும்பிட்டான் மாப்ள! இங்கிலீஷ்காரன் எடுத்த தொடரில்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

நமக்கு இங்கிலீஷ் ஓடாது. நீ இங்கிலீஷில் டைப் அடிக்கிற வேகத்தைப் பார்த்து வக்கீலே பயப்படுவார், ஆனால் பேசினால் விளங்காது. "கைக்குத்தான் மச்சான் ஹையர் பாஸு, காதுக்குப் பரீட்சையே வெக்கல" என்பாய். ஆகவே கதை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கண்ணாடி மனுசன் அந்தக் கப்பலின் பழைய கேப்டன், செத்த பிறகும் வேலையை விடாமல் உட்கார்ந்திருக்கிறான், கப்பலுக்கு வரும் ஆபத்தை முன்கூட்டியே சொல்கிறான், கேட்கத்தான் ஆளில்லை. இதை நான் சொன்னபோது தங்கச்சிக்குக் கண் கலங்கியது.

"அண்ணே, இப்ப அந்தப் பொம்பள என்ன சொல்லுது?"

"கப்பல்ல அரிசி தீந்துருச்சாம் தங்கச்சி. அடுத்த கிரகத்துலதான் கிடைக்குமாம்."

"அய்யோ பாவம். அந்தக் கண்ணாடிக்காரரு சாப்பிடுவாரா?"

"அவரு சாப்பிட்டு வருசமாச்சும்மா."

அப்புறம் மதுரைக்கே ரிலே ஸ்டேஷன் வந்தது. தில்லிப் படம் துண்டு சுற்றாமலே தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததுதான் வினை. அதில் ஒரு இந்தி விண்வெளித் தொடர் போட்டார்கள். எண்ணெய் டின்னை வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்த ஒரு எந்திர மனுசன். நடந்தால் கடகடவென்று தகரச் சத்தம். கீழே பார்த்தால் ரப்பர் செருப்பு. அந்தத் தகர மனுசனுக்கு ஒரு காதல், ஒரு சோகம், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அழுகை. விண்வெளிக் கப்பலின் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தான் மாப்ள, அது மின்விசிறிக் காற்றில் ஆடியது.

இதைவிட மட்டமான தொடர் இந்த உலகத்தில் இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பிடித்தது வழக்கு.

"தகர மனுசனாச்சும் அழுகுறான் மச்சான். ஒன் கப்பல்ல எவனாச்சும் மூஞ்சிய அசைக்கிறானா?"

"எங்கப்பல்ல கண்ணாடி மனுசன் இருக்கான்டா! அந்த மாதிரி ஒரு ரோசனை எவனுக்கு வரும்?"

"சரிய்யா, அந்தக் கண்ணாடி ஆள் அருமைதான். நான் இல்லைங்கல. அந்த ஆளை எடுத்துட்டு மிச்சத்தப் பாரு. என்ன இருக்கு? போன வாரம் செவ்வாயில இருந்த பாறை இந்த வாரம் வியாழன்ல இருக்கு. பாறை என்ன பஸ் ஏறி வந்துச்சா?"

"எடுத்துட்டுப் பாருன்னா எப்படிடா? மீனாட்சிய எடுத்துட்டு மதுரையப் பாரும்பியா?"

இதற்கு நீ பதில் சொல்லவில்லை என்று என் ஞாபகம். சொல்லியிருந்தாலும் அது பதிலாக இருந்திருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டையும் திட்டினோமே தவிர, ஒரு வாரத்தைத் தவறவிட்டோமா? சனிக்கிழமை மத்தியானமே எனக்குக் கால் நிற்காது. கடையில் மோட்டார் வாங்க வந்தவனுக்குப் பாதி மோட்டாரைக் காட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தால் இறங்கி நடந்தே வந்துவிடலாமா என்று தோன்றும். மட்டமான தொடர் மட்டமாகத்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க இம்புட்டு அவசரம்.

பந்தயம் பிறந்தது சித்திரைத் திருவிழாவில். அழகர் தல்லாகுளத்துக்கு வந்து சேரும் நாள். உங்கள் தெரு நீர்மோர்ப் பந்தலில் பட்டிமன்றம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பேச வேண்டியவர்கள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. கூட்டம் சலசலத்தது. நடுவராக உட்கார்ந்திருந்தவர் தெருமுனை வீட்டு ஓய்வு பெற்ற சயின்ஸ் வாத்தியார். விழாக்காரர் ஒருவர் நம் இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வாரா வாரம் கத்துறது தெருவுக்கே கேக்குது. அத மேடையில ஏறிக் கத்துங்க" என்றார். வாய் மூடுமுன் நான் மேடையில் இருந்தேன்.

பத்தாயிரம் பேர் இருக்கும். தங்கச்சி நாற்பது பேர் என்பாள். அவள் மோர் வாங்க வந்தவர்களை மட்டும் எண்ணியிருப்பாள்.

நான் பேசிய பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். செத்த பிறகும் தன் கப்பலை விட்டுப் போகாத ஒரு மனுசனைப் பற்றிச் சொன்னேன். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் வாரா வாரம் வந்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கும்பிட்டுப் போகிறவனைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினாள். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து சாமி பார்க்க வந்த ஒருத்தர் எழுந்தார்.

"அண்ணே, நல்லாத்தான் பேசுறீக. அழகர் எப்ப வருவாரு, அதச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. நீ அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாய். "அய்யா, அழகருகூட வருசத்துக்கு ஒருதடவ ஆத்துக்கு வாராரு. மச்சானோட கப்பல் வருசம் பூரா சுத்துது, ஒரே பாறையத்தான் சுத்துது!" என்றாய். அப்புறம் பூதத்தின் ஜிப்பைப் பற்றி நடித்தே காட்டினாய். மோர்ச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தகர மனுசன் அழுவதையும் நடித்தாய், எதிரியைக் கிண்டல் செய்ய வேண்டியவன் உன் கட்சிக்காரனையே கிண்டல் செய்தாய். ஆனாலும் அழுகையின் கடைசியில் ஜனம் அமைதியாகிவிட்டது. எப்படிடா அதைச் செய்தாய்?

கூட்டம் உன் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் மீசையை முறுக்கி மைக்கில் சொன்னேன். "கண்ணாடி மனுசன் இருக்கிற தொடர மட்டம்னு எவனாச்சும் நிரூபிச்சா, இந்த மீசைய எடுத்துட்டுத்தான் திருமங்கலம் போவேன்!"

என் மீசையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். திருமங்கலத்தில் என் கடைக்கு வழி கேட்டால், பேர்ப்பலகையைச் சொல்ல மாட்டார்கள், மீசையைச் சொல்வார்கள். நீ பதிலுக்கு உன் மேலுதட்டில் இருந்த பென்சில் கோட்டைத் தொட்டுக்காட்டி, "நானும் எடுத்துடுறேன்" என்றாய். "அது மீசையா, சாப்பிட்டுட்டுத் தொடைக்கலைன்னு நெனச்சேன்" என்றேன். அன்றைக்குக் கிடைத்த பெரிய கைத்தட்டல் அதற்குத்தான்.

சயின்ஸ் வாத்தியார் மூக்குப்பொடியை உதறிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அவர் வீட்டில் டிவி கிடையாது, இரண்டு தொடரையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்தான் நடுவராக இருக்க முடியும். "ரெண்டு தொடரும் மட்டம். இதுல எது ரொம்ப மட்டம்ங்கிறது அந்தக் கண்ணாடி மனுசன் யாருங்கிறதப் பொறுத்தது. அவன் கதையோட சேந்தவனான்னு தெரியணும். அது தெரியுற அன்னிக்கு மீசை போறவனுக்குப் போகட்டும். அதுவரைக்கும் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது."

அதுவரைக்கும் என்றார். அந்த ‘அதுவரைக்கும்’ எம்புட்டு நீளம் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இலங்கைத் தொடர் ஒருநாள் திடீரென்று நின்றுபோனது. கடைசி வாரமும் கண்ணாடி மனுசன் கும்பிட்டுத்தான் போனான். கொடைக்கானல் மலையில் பெரிய டவர் வைத்த பிறகு சென்னைப் படமே தெளிவாக வந்தது, நாம் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்புவதை விட்டோம். வழக்கை மட்டும் விடவில்லை.

அந்த டவர் வந்த புதிதில் ஒருநாள் டவுனில் டிவிக் கடை வாசலில் நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பெட்டிகள், எல்லாவற்றிலும் சென்னையிலிருந்து தமிழ்ச் செய்தி. நான் அந்தக் கடைக் கண்ணாடியில் என் மீசையைப் பார்த்து முனையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று நீ ஒரு சத்தம் போட்டுச் சிரித்தாய். என்னடா என்று திரும்பினால், என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாய். "வா மச்சான், பருத்திப்பால் குடிப்போம். எனக்கு இப்பவே குடிக்கணும்." முக்குவண்டியில் நின்று குடிக்கும்போதும் நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். டைப்பிஸ்ட் வேலையில் மூளை சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து உனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. சனிக்கிழமை நான் உன் வீட்டில் இருக்கும்போது டிவியில் செய்தி ஆரம்பித்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாய். "நியூஸ்தான, அதான் காலையில பேப்பர்ல வருமே." நானும் ஆட்சேபிக்கவில்லை. எனக்குச் செய்தி கேட்கும் வழக்கம் இல்லை, செய்திதான் என் கடையைத் தேடி வரும். டிவி அணைந்த பிறகு நீ நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, "சரி மச்சான், அந்தக் கண்ணாடி மனுசன் யாராத்தான்யா இருப்பான்?" என்பாய். நான் ஆரம்பித்துவிடுவேன். ஒரு வாரம் அவன் கேப்டனின் அப்பா. ஒரு வாரம் வேற்றுக்கிரகத்து ராசா. ஒரு வாரம் இன்னும் பிறக்காத ஒரு ஆள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுசும் கேட்பாய். உன் மகன் வளர்ந்தான், கல்லூரிக்குப் போனான், வேலைக்குப் போனான். போகிற வழியில் ஒவ்வொரு முறையும் நம்மை எட்டிப் பார்த்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

உன்னைத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் மகன் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். பங்காளிகள் வரிசையாக மீசை எடுத்துக்கொண்டார்கள். உன்னோடு வருசக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத உன் சித்தப்பா மகன்கூட உட்கார்ந்து எடுத்துக்கொண்டு எழுந்தான். அவன் எழுந்த இடத்தில் நான் போய் நின்றேன். உங்கள் வகையறாப் பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட்டாளி."

"அதுக்கெல்லாம் மொறை கிடையாதுங்க. அங்கிட்டு நெழல்ல உக்காருங்க."

பத்தாயிரம் பேருக்கு முன்னால் பேசியவன் நான். அன்றைக்கு வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நிழலில் போய் உட்கார்ந்தேன். முகத்தில் மீசை கனத்தது.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் மகன் போன் செய்தான். "மாமா, மாடி கம்பம் சாய்ஞ்சு பக்கத்து வீட்டுல விழுந்துரும் போல. கழட்டப் போறேன். நீங்க நட்டது, நீங்க வந்தாத்தான் சரியா இருக்கும்." போனேன். பைப் ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போயிருந்தது, அறுத்துத்தான் எடுத்தார்கள். கம்பத்தில் என் ஈரத்துண்டின் ஒரு நூல்கூட இல்லை. இருந்தது என்று திருமங்கலத்தில் சொல்லியிருக்கிறேன்.

கீழே வந்ததும் உன் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். "மாமா, உலகத்துலயே மட்டமான விண்வெளித் தொடர் எதுன்னு இன்டர்நெட்ல ஆளுங்க அடிச்சுக்கிறாங்க. வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாம். ஒங்க கப்பல் தொடரும் அதுல இருக்கு." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தல்லாகுளத்தில் நாம் கொளுத்திப்போட்டது ஜப்பான் வரைக்கும் எரிகிறது மாப்ள! ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஜிப்பைத் திட்டுகிறார்கள். பாறையைத் திட்டுகிறார்கள், அதே பாறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தாடியைத் திட்டுகிறார்கள்.

"கண்ணாடி மனுசனப் பத்தி என்ன சொல்றாங்க?"

அவன் தேடினான். மேலே போனான், கீழே வந்தான். "அப்படி ஒருத்தரப் பத்தி யாரும் பேசலையே மாமா."

அங்கேதான் எனக்கு எறும்பு புகுந்தது. "படத்தப் போடு" என்றேன். போட்டான். அதே கப்பல், அதே தாடி, அதே பாறை. துடைத்து வைத்ததுபோலத் தெளிவு. கப்பலுக்கு நடுவில் ஒருவரும் இல்லை. வேறொன்று போடச் சொன்னேன். இல்லை. கடைசி வாரத்தைப் போடச் சொன்னேன். எல்லோரும் அந்த வெற்று இடத்தில் சும்மா நடந்து போகிறார்கள். நான் எழுந்துவிட்டேன். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

"மாமா, ரெண்டு ஸ்டேஷன் ஒரே சேனல்ல மோதினா, ஒண்ணோட படம் இன்னொண்ணு மேல லேசா விழும். சத்தம் ஒண்ணோடதுதான் கேக்கும். அந்த நேரத்துக்கு எங்கயோ நியூஸ் வாசிச்ச ஆளா இருக்கும் அது" என்றான் உன் மகன். மூக்குக் கண்ணாடி. அகலமான காலர். மேசை. முடிவில் ஒரு வணக்கம்.

காப்பியோடு வந்த தங்கச்சி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அது அவருக்கு அப்பவே தெரியும்ண்ணே."

"எது?"

"அது நியூஸ் வாசிக்கிறவருன்னு. டவுனுக்குப் போய்ட்டு வந்து ஒருநாள் கூடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாரு. அண்ணன்கிட்ட சொல்லிருங்களேன்னேன். ‘சொன்னா மீசை போயிரும் புள்ள, பாவம், அவன் அது ஒண்ணுதான வெச்சிருக்கான்’னுட்டாரு."

பாவமா? நானா? ஜெயித்த வழக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாரா வாரம் என் எதிரில் உட்கார்ந்து, ‘யாராத்தான்யா இருப்பான்’ என்று கேட்டிருக்கிறாய். நான் அப்பா என்கிறேன், ராசா என்கிறேன், நீ தலையாட்டியிருக்கிறாய். என் மீசைக்கா இரக்கப்பட்டாய்? அதற்கு இத்தனை வருசமா ஒருத்தன் செய்தி பார்க்காமல் இருப்பான்? இந்தக் கேள்விதான் மாப்ள என்னைத் திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கவிட்டது. எவனைக் கேட்பது? கேட்க வேண்டியவன் பதில் சொல்லாமல் புரையேறச் சிரிக்கிற ஆள்.

கண்ணாடி மனுசனை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார் என்றாய். பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை. அதைவிட மட்டமான தொடர் கிடையாது. தகர மனுசனாவது அழுதான். எழுதிக் கொடுக்கிறேன், நீ ஜெயித்தாய்.

புதன்கிழமை காலையில் சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு வருசக்கணக்காக மீசை ஒதுக்குகிற பையன், இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது. எடுத்துவிடு என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"யாருண்ணே தவறிட்டாக?"

"யாரும் இல்லப்பா. பந்தயத்துல தோத்துட்டேன்."

"யாருகிட்டண்ணே?"

"எடுப்பா முதல்ல."

ரோட்டில் இறங்கியதிலிருந்து இதே கதைதான். எதிரில் வருகிறவன் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுகிறான். "அண்ணே, சொல்லவே இல்லையே, யாரு? பங்காளியா?" டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்கிறார். உரக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். நான் எல்லோரிடமும் பந்தயம் என்றுதான் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஆயுசில் நான் சொன்ன ஒரே உண்மையை நம்ப ஆளில்லை மாப்ள. துக்கம் விசாரிக்க வந்தவர்களை அப்படியே விசாரிக்க விட்டுவிட்டேன். எந்தப் பெரியவரும் வந்து முறை கேட்கவில்லை.

மேலுதட்டில் காற்றுப் படுவது புதிதாக இருக்கிறது. கை அடிக்கடி போய்த் தேடிவிட்டுத் திரும்புகிறது. மீசை மறுபடி வளர்ந்துவிடும், முன்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. குச்சியைக் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டப் போகிறேன். என்ன என்று கேட்பவனுக்கு என்ன சொல்வது என்பதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்து நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் இதை எழுதினேன், கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கடை டிவியில் யாரோ கையைக் கூப்பிச் செய்தி வாசிக்க ஆரம்பித்தார்கள். எழுந்துபோய் அணைத்தேன். உனக்காக ஒரு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, உட்கார்ந்துவிட்டேன்.